இரண்டு சென்டிமீட்டர் தோல்வி

2021 ஆகஸ்ட் 31. டோக்கியோ பாராலிம்பிக்கின் உயரம் தாண்டுதல் களம் மழையில் நனைந்திருந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 1.86 மீட்டரைத் தாண்டிவிட்டார். கம்பி 1.88க்கு ஏறியதும் மூன்று வாய்ப்புகளும் கைநழுவின. அமெரிக்காவின் சாம் கிரூ அதே உயரத்தைத் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரியோவில், 21 வயதில், 1.89 தாண்டித் தங்கம் வென்றவர் மாரியப்பன். நூலிழையில் போய்விட்டது என்று நாம் வருந்தினோம். அப்படித் தோற்ற இளம் வீரரிடம் உடனே குறை தேடுவது நம் வழக்கம். அறிவியல் பார்வையில் அது பெரும்பாலும் தவறான மருத்துவம்.

உயரம் தாண்டுபவரின் உடல் எடை மையம் தரையை விட்டபின் மேலேறுவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதில் 2 சென்டிமீட்டர் கூடுதலாக எழும்ப, கிளம்பும் வேகம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினால் போதும். ஈரத் தளமே அந்த அளவைப் பறித்துவிடக்கூடும். ஐந்து வயதில் பேருந்து விபத்தில் பாதிக்கப்பட்ட வலது காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டது என்று போட்டிக்குப் பின் அவரே சொன்னார். ஒரே வீரர் ஒரே நாளில் தாண்டும் இரண்டு தாவல்களுக்கு இடையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும். ஆக, நெருங்கிய தோல்வி திறமையின் அளவுகோல் ஆகாது. அதை நம்பி மறுநாளே ஓட்டத்தையும் காலடியையும் மாற்றச் சொன்னால், கெடாததைக் கெடுப்பதாகிவிடும். தேர்ந்த கோல்ஃப் வீரர்களிடம் கையசைவைக் கவனித்துக்கொண்டே பந்தை அடிக்கச் சொன்ன சோதனையில் அவர்களது ஆட்டம் மோசமானது. பழகிய உடல் தானாகச் செய்வதை மனம் குறுக்கே புகுந்து மேற்பார்வை பார்த்தால் தடுமாற்றம்தான்.

தோல்விதானே வெற்றிக்கு முதல் படி, அதன் வலியே வீரரை வளர்க்காதா என்று கேட்கலாம். இடைவேளையில் ஒரு புள்ளி பின்தங்கிய கூடைப்பந்து அணிகள் அதிகம் வென்றதாக அமெரிக்கப் போட்டிகளை அலசிய ஆய்வு ஒன்று 2011இல் சொன்னது உண்மை. ஆனால் பின்னர் நான்கு விளையாட்டுகளின் தரவுகளைத் துழாவிய வேறொரு குழுவுக்கு அப்படிப் பொதுவான பலன் எதுவும் தென்படவில்லை. இதைவிட வலுவான சான்று விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் மயிரிழையில் ஆய்வு நிதி கிடைக்காமல் போன இளம் விஞ்ஞானிகளை, மயிரிழையில் நிதி பெற்றவர்களோடு ஒப்பிட்டது 2019இல் வந்த ஓர் ஆய்வு. தோற்றவர்களில் தொடர்ந்து நின்றவர்கள் பத்தாண்டுகளில் வென்றவர்களையே மிஞ்சினார்கள். பலவீனமானவர்கள் விலகியதால் வந்த தோற்றம் இது என்று ஒதுக்கவும் வழியில்லை. அதைக் கணக்கில் எடுத்தபோதும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. ஆனால் அதே தோல்வி, பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரை அந்த ஆய்வு நிதி அமைப்பை விட்டே விரட்டியிருந்தது. தோல்வியின் பெருமையைப் பேசுபவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. மேடையேறிக் கதை சொல்பவர்கள் நிலைத்தவர்கள் மட்டும்தானே!

மாரியப்பன் நிலைத்தார். 2024 மே மாதம் கோபேயில் நடந்த உலக பாரா தடகள சாம்பியன்ஷிப்பில் டோக்கியோவில் எட்டாத அதே 1.88ஐத் தாண்டித் தங்கம் வென்றார். சில மாதங்களில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85, வெண்கலம். ரியோ, டோக்கியோ, கோபே, பாரிஸ் ஆகிய இந்த நான்கு போட்டிகளில் அவர் தாண்டிய உயரங்கள் 4 சென்டிமீட்டருக்குள் அடங்குகின்றன. பதக்கத்தின் நிறம் மாறிய அளவுக்கு அவரது திறமை ஏறி இறங்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குறையே பார்க்கக் கூடாது என்பதல்ல என் வாதம். பத்துப் போட்டிகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் திருத்தத்தான் வேண்டும். ஒரு மாலை நேரத்துத் தோல்வி அதற்குப் போதாது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளின் விளையாட்டு ஆசிரியர்களே, நூலிழையில் தோற்றுவந்த மாணவருக்கு முதலில் அடுத்த போட்டியின் தேதியைச் சொல்லுங்கள். திருத்தம் சில வாரங்கள் காத்திருக்கலாம்.