பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்!

பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, இன்று சுங்கைப்பட்டாணி தாமான் வீடுகளில் பிள்ளைகளோடு வாழும் பெரியவர்கள் கெடாவில் நிறைய. அவர்களுக்கு இருமல் வந்தால், "சுருட்டுப் பிடித்த நெஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்று கசாயத்தோடு முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலை அப்படி விடக்கூடாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது. முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள்.

எக்ஸ்ரே காட்டுவதும் காட்டாததும்

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியின் ரோன்ட்கன் 1895இல் கண்டுபிடித்தார். காற்று நிறைந்த இடத்தை இந்தக் கதிர் எளிதில் கடக்கும். அதனால் நலமான நுரையீரல் படத்தில் கருப்பாகத் தெரியும். சளியோ நீரோ கட்டியோ இருந்தால் அந்த இடம் வெளுக்கும். பெரியவர்களின் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தென்படும்.

ஆனாலும் படத்தை மட்டும் வைத்துக் காசநோய் என்று உறுதி செய்ய முடியாது. சளிப் பரிசோதனையும் வேண்டும். நெடுநாள் புகைப்பழக்கத்தால் மூச்சுக்குழாய் சுருங்கியவருக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, குழாயில் வேகமாக ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனை தேவை.

சிடி ஸ்கேன் எப்போது?

இதயத்துக்கும் விலா எலும்புக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டியைக்கூட சிடி ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் வழக்கமான நெஞ்சு சிடியின் கதிர்வீச்சு, ஓர் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். எனவே, "எதற்கும் எடுத்துப் பார்ப்போம்" என்று நாமாகக் கேட்பது சரியல்ல. நீண்டகாலம் அதிகம் புகைத்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்ததாக 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் இது பற்றிக் கேட்கலாம்.

பழைய படம் ஏன் வேண்டும்?

காசநோய் குணமானாலும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடலாம். பல ஆண்டுகள் கழித்து வேறு காரணத்துக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது அது புது நோய்போலத் தோன்றும். பழைய படம் கையில் இருந்தால் மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தழும்பு மாறவில்லை என்றால் வீண் பயமும் தேவையற்ற சோதனைகளும் மிச்சம். சிறு கட்டியும் அப்படித்தான். இரண்டு ஆண்டுகளாக வளராத கெட்டியான கட்டி பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. வளர்ந்திருந்தால், காலம் தாழ்த்தாமல் சிகிச்சை தொடங்கலாம்.

காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் நின்றுவிடுவதால் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்போது நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையில் திரும்பக்கூடும். இருமல் நின்றாலும் நெஞ்சுக்குள் நோய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சளிப் பரிசோதனையும் அடுத்தடுத்த எக்ஸ்ரேயும்தான் சொல்லும்.

நாம் செய்ய வேண்டியவை

• எக்ஸ்ரே படம், சிடி தட்டு, அறிக்கை எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே பையில் வையுங்கள். படத்தை மடிக்காதீர்கள்.
• வேறு மருத்துவமனைக்கு மாறினால் அந்தப் பையையும் கொண்டு செல்லுங்கள்.
• புகைப்பழக்கம், செய்த வேலை, வீட்டில் யாருக்காவது இருந்த காசநோய் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.
• கர்ப்பமாக இருந்தால் படம் எடுக்கும் முன்பே தெரிவியுங்கள்.

அடுத்த முறை அப்பாவையோ பாட்டியையோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் முன், அலமாரி மேல் இருக்கும் அந்தப் பழைய உறையைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.