மூத்தவளின் கையெழுத்து

“மூத்தவள் சம்மதிக்கிறாள், வரப்போகிறவளும் சம்மதிக்கிறாள். மூன்று பேரும் மேஜர். இதில் சட்டத்துக்கு என்ன வேலை?” நியாயமான கேள்விதான். டீயைக் குடியுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதல் மனைவி ‘ஆட்சேபணை இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சீல் வாங்கிவிட்டால் இரண்டாம் கல்யாணம் செல்லும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். செல்லாது. இந்துக்களின் இருதார மணத்தைச் சென்னை மாகாணம் 1949-லேயே தடுத்துவிட்டது. 1955-இல் மத்தியச் சட்டமும் வந்தது. (முஸ்லிம் ஆண்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம் இடம் தருகிறது.) அந்தக் கையெழுத்தால் ஆகிற காரியம் ஒன்றுதான். குற்றப் புகாரை மனைவியோ, அவள் சார்பில் பெற்றோர், உடன்பிறந்தோர் போன்றவர்களோதான் கொடுக்க முடியும். அவர்கள் பேசாமல் இருந்துவிட்டால், ஏழாண்டு வரையிலான சிறைத் தண்டனை கணவனை எட்டாது. கல்யாணம் அப்போதும் செல்லாததுதான்.

செல்லாததன் சுமை முழுக்க இளையவள் தலையில் விழுகிறது. கணவன் இறந்தால் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் ஏறாது. குடும்ப ஓய்வூதியமும் பொதுவாக மூத்தவளுக்குத்தான். பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பாகத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கியது. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் இளையவளுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று அதே நீதிமன்றம் 2013-இல் சொன்னது. தெரிந்தே வந்தவளுக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

அப்படியானால் அனுமதித்துவிடலாமே? எனக்கு உடன்பாடில்லை. சரி என்கிறவளுக்கு, மாட்டேன் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். வீடு கணவன் பெயரில். மகள் பத்தாம் வகுப்பு. ஆண் வாரிசு இல்லை என்று மாமியார் தினமும் குத்திக்காட்டுகிறார். பிறந்த வீட்டில் இப்போது தம்பி மனைவியின் ஆட்சி. இந்த நிலையில் அவள் போடும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஏற்க மாட்டேன். அனுமதித்த பிறகும் அந்தக் கையெழுத்துக்கு உத்தரவாதமில்லை: கென்யாவில் 2014-இல் திருமணச் சட்டம் எழுதியபோது, முதல் மனைவியைக் கேட்க வேண்டும் என்ற பிரிவையே ஆண் உறுப்பினர்கள் நீக்கினார்கள். பெண் உறுப்பினர்கள் கொதித்துப்போய் வெளிநடப்பு செய்தார்கள்.

தடை இருக்கட்டும். ஆனால் அதற்கான விலையை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன் கொடுக்கட்டும். மூத்தவளின் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, தெரிந்தே வந்தவளாக இருந்தாலும் வருஷக்கணக்கில் அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவன் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.