லூப்பை அடுக்கினால் பாட்டு ஆகிவிடுமா?



ஆண்டு விழாவில் 5-ஆம் வகுப்புக் குழந்தைகள் ஆடிய மழைநீர்ப் பாட்டுக்கு இசை எங்கே வாங்கினீங்க என்று பலர் கேட்டீங்க. எங்கேயும் வாங்கவில்லை. நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் செய்ததுதான். எப்படி என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா தவில் வாசிப்பவர். விழாவுக்கு அவரைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. கட்டுப் பிரிச்ச பிறகும் வலி விடலை. எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு 10 நொடி வாசித்தார். அம்மா போனில் பதிந்துகொண்டேன். கையில் இருந்தது அவ்வளவுதான்!

லூப் என்றால் என்ன?

திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டுதான் லூப். 1977-இல் 'பீ ஜீஸ்' குழுவினர் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிந்தபோது டிரம்ஸ் வாசிப்பவரால் வர முடியவில்லை. அவர் முன்பே வாசித்திருந்த 'நைட் ஃபீவர்' பாட்டின் ஒலிநாடாவில் சிறு துண்டை எடுத்து, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். வாசித்தவர் 'பெர்னார்ட் லூப்' என்று வேடிக்கையாகப் பெயரும் போட்டார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது! இன்று நாடாவுக்குப் பதில் மென்பொருள். நான் பயன்படுத்தியது எல்எம்எம்எஸ். இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

முதலில் கணக்கு

பெரியப்பாவின் 10 நொடியில் 16 தட்டு இருந்தது. அப்படின்னா நிமிடத்துக்கு 16 x 6 = 96 தட்டு. இதுதான் டெம்போ. மென்பொருளில் 96 என்று வைத்தேன். 4 தட்டு ஒரு பார். ஒரு பாருக்கு 2.5 நொடி. 2 நிமிடப் பாட்டுக்கு 48 பார் வேண்டும்.

நான் செய்த தப்பு

ஆர்மோனியம், ஜால்ரா, பேஸ் மூன்றையும் மென்பொருளிலேயே செய்து தவிலோடு சேர்த்தேன். அந்த 4 பாரை 12 தடவை ஒட்டினேன். 48 பார் ஆச்சு. பாட்டு ரெடி என்று துள்ளினேன். ஒத்திகையில் எப்போது அடவு மாறணும் என்று குழந்தைகளுக்குத் தெரியவே இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி மோதினார்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா சினிமா பாட்டு போட்டுடலாம்மா" என்றார் டீச்சர். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "பாப்பா, அடிச்சது நான்தான். ஆனா நான் இப்படி வாசிக்க மாட்டேன். பாடுறப்ப அடக்கி வாசிப்பேன். முடியிறப்ப தீர்மானம் வெப்பேன்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. ஒட்டுவது பாதி வேலை. எங்கே எதை எடுக்கணும் என்பதுதான் மீதி வேலை.

சரிசெய்த விதம்

1. நோட்டில் இப்படி வரைபடம் போட்டேன்:
முன்னிசை – 4 பார் (ஆர்மோனியம் மட்டும்)
பல்லவி – 8 பார் (எல்லாம்)
இடையிசை – 8 பார் (தவில், பேஸ், ஜால்ரா)
சரணம் – 12 பார் (தவில் சத்தம் பாதி, ஜால்ரா இல்லை)
தவில் தனியாக – 4 பார்
கடைசிப் பல்லவி – 12 பார் (எல்லாம்)
கூட்டிப் பாருங்கள், 48 வரும்.

2. மென்பொருளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லாவற்றையும் ஒட்டினேன். பிறகு வரைபடத்தைப் பார்த்து வேண்டாததை அழித்தேன்.

3. தீர்மானம்: ஒரு பாரில் 16 சின்னக் கட்டம். முதல் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெரியப்பா வாசித்ததிலிருந்து 5 கட்ட நீளத் துண்டை வெட்டி மூன்று முறை வைத்தேன். 1 + 15 = 16. அடுத்த பகுதி டாண் என்று வந்து விழும்! தவில் வரும் ஒவ்வொரு பகுதியின் கடைசி பாரிலும் இதை வைத்தேன். இதைக் கேட்டதும் குழந்தைகள் அடவு மாற்றினார்கள்.

4. துண்டை வெட்டும்போது ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டணும். இல்லாவிட்டால் ஒட்டுகிற இடத்தில் 'டிக்' என்று கேட்கும். இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவியது.

விழா அன்று பெரியப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தீர்மானம் வரும்போதெல்லாம் அவருடைய இடது கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. நானும் பார்த்தேன், டீச்சரும் பார்த்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவதற்கு முன் நோட்டில் வரைபடம் போட மறக்காதீங்க!



– 9-ஆம் வகுப்பு மாணவி