பிள்ளையின் சான்றிதழும் வெளிநாட்டு முத்திரையும்

சரக்கு எடுக்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! பில்லில் உள்ள கையெழுத்தைப் பார்த்து, மூட்டைகளை எண்ணிய பின்புதான் காசைக் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் விடயத்தில் அந்தக் கவனம் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

சில காலத்துக்கு முன் தம்பிலுவிலில் எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர் கலங்கிய முகத்துடன் என் கடைக்கு வந்தார். மகனுக்குக் கட்டாரில் கணக்கு வேலை சரிவந்திருந்தது. சான்றிதழ்களுக்கு முத்திரை எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் மூலப்பிரதிகளையும் பெருந்தொகைப் பணத்தையும் கொடுத்திருந்தார். முத்திரைகள் வந்தன. கடைசிக் கட்டத்தில்தான் அவை போலி என்று தெரிந்தது. வேலையும் போனது, காசும் போனது. மகன் கஷ்டப்பட்டுப் படித்து எடுத்த சான்றிதழும் சந்தேகத்துக்கு உள்ளானது.

இந்த முத்திரை விவகாரம் உண்மையில் என்ன? வெளிநாட்டு முதலாளிக்கு நமது பாடசாலையையோ பல்கலைக்கழகத்தையோ தெரியாது. அவர் தனது நாட்டுத் தூதரகத்தை நம்புகிறார். தூதரகம் நமது வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கையெழுத்தை நம்புகிறது. அமைச்சு, சான்றிதழை வழங்கிய நிறுவனத்தின் கையெழுத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய கையெழுத்து சரியானது என்று மட்டுமே சொல்கிறது. படிப்பின் தரத்துக்கு அது பொறுப்பு அல்ல. ஆகவே வேலையை அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் படி, சான்றிதழ் பிறந்த இடம். க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் என்றால் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களம். பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர். 1996 முதல் பல்கலைக்கழகமாக இயங்கும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் வீட்டுக்கு அருகிலேயே தொடங்கலாம். என்.வி.கியூ. போன்ற தொழிற் சான்றிதழுக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் பட்டம் படிப்பதாயின், அதற்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் சேருமுன்பே விசாரியுங்கள்.

இரண்டாம் படி, வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. இது பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ளது. திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றாம் படி, போகும் நாட்டின் கொழும்புத் தூதரகம். டுபாய், அபுதாபி செல்வோருக்கு அங்கு போன பின்னரும் அந்நாட்டு வெளிநாட்டு அமைச்சின் முத்திரை தேவைப்படும். வைத்தியர், தாதியர் போன்றோருக்கு இது மட்டும் போதாது. வளைகுடா சுகாதார அதிகார சபைகள் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் மூலம், படித்த இடத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்துகின்றன.

நம்மவர்களை அதிகம் மாட்டிவிடுவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர், பரீட்சைச் சான்றிதழில் மூன்று முதலெழுத்துகள், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! நமக்கு அது ஒரே ஆள். அங்குள்ள எழுதுவினைஞருக்கு இரண்டு ஆட்கள். பெயரைத் திருத்தப் பிறப்புச் சான்றிதழுடன் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதை விசா வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் வீடுகளோடு சான்றிதழ்களையும் கொண்டு போனது. பரீட்சைப் பெறுபேறுகளின் பதிவு திணைக்களத்தில் இருப்பதால் தொலைந்த சான்றிதழுக்குப் பதிலாக அங்கு மீண்டும் பெற முடியும். இருந்தாலும் பிரதிகளை உறவினர் வீடு ஒன்றிலும் வைத்திருங்கள். மூலப்பிரதியை லெமினேட் செய்யாதீர்கள். அதன்மேல் முத்திரை குத்த முடியாது.

அரச கட்டணத்தையும் கொழும்புக்கு ஓர் இரவு பஸ் பயணத்தையும் கூட்டிப் பாருங்கள். தரகர் கேட்பதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. போக முடியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை அனுப்பினாலும் ஒவ்வொரு அலுவலகத்தின் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் சரக்கு எடுக்காத நாம், பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் வாய்ச்சொல்லில் ஒப்படைக்கலாமா?