பால்கோவாவும் சைவம்தான்: ரத்தப் புற்றுநோயின் முன்நிலையும் தாவர உணவும்

வேறு எதற்கோ ரத்தம் கொடுத்திருப்போம்; முடிவில் ‘எம் புரதம்’ இருப்பதாக வரும். வலியில்லை, தொந்தரவில்லை. மருத்துவரும் மாத்திரை எழுதாமல் சில மாதம் கழித்து வரச் சொல்வார். அதுவரை என்ன சாப்பிடுவது என்ற கவலை வீட்டில் தொடங்கிவிடும்.

இது என்ன நிலை?

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரப்பவை. அவற்றில் ஒரு கூட்டம் பெருகி ஒரே புரதத்தை, அதாவது எம் புரதத்தை, சுரந்தபடி இருப்பது ‘எம்ஜியூஎஸ்’. இது ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கே மல்டிபிள் மைலோமா போன்ற புற்றுநோயாக மாறுகிறது. அடுத்த படியான ‘ஸ்மோல்டரிங் மைலோமா’வில் முதல் 5 ஆண்டுகளுக்கு இப்படி மாறும் வாய்ப்பு ஆண்டுதோறும் சுமார் 10 சதவீதம். உடல் பருமன் இந்த அபாயத்தைக் கூட்டும்.

ஆய்வு சொல்வது

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டாக்டர் ஊர்வி ஷா குழுவினர், இந்நிலைகளில் இருந்த, எடை கூடிய 20 பேருக்கு 12 வாரம் நார்ச்சத்து மிகுந்த தாவர உணவு கொடுத்தனர். 2024 டிசம்பரில் முடிவுகளை அறிவித்தனர். எடை குறைந்தது, இன்சுலின் எதிர்ப்பும் அழற்சியும் தணிந்தன. நோய் முற்றிக்கொண்டிருந்த இருவரிடம் அந்த வேகம் மட்டுப்பட்டது. ஓராண்டில் ஒருவருக்கும் மைலோமா வரவில்லை.

நார்ச்சத்தை உண்ணும் குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. அவை அழற்சியைக் குறைக்கின்றன. ஆனால் இது சிறிய ஆய்வு. ஒப்பிட வேறு குழுவும் இல்லை. நம்பிக்கை தருகிறது, உத்தரவாதம் தரவில்லை.

நம் ஊர்த் தட்டில்

கறியை விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சைவம்தான், எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் சைவம்தான். அந்த ஆய்வின் தட்டில் இருந்தவை முழுத்தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை வகைகள். ராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்துக்கு இவை புதிதல்ல. குதிரைவாலிச் சோறு, கம்பங்கூழ், தட்டாம்பயறு, மொச்சை, முருங்கைக்கீரை, கொய்யா போதும். வெள்ளைச் சோற்றைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டுங்கள். நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து இலக்கு. மெதுவாகக் கூட்டினால் வயிறு உப்பாது.

கவனம் தேவை

பாலையும் முட்டையையும் விடுவோர் பி12 அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்குப் பயறும் பழமும் அளவோடுதான். சர்க்கரை மாத்திரை எடுப்போர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். கீமோ சிகிச்சையில் இருப்போர் சமைக்காத காய்கறி, கிரீன் டீ, மூலிகைப் பொடி எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

பரிசோதனையை விடாதீர்கள்

எலும்பு வலி, காரணமற்ற சோர்வு, நுரைக்கும் சிறுநீர், அடிக்கடி தொற்று வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உடம்பு நன்றாயிருக்கிறது என்று குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். உணவு துணை நிற்கும். நோய் நகர்கிறதா என்று சொல்லப் பரிசோதனையால்தான் முடியும்.