பரம்புப் பலகையும் பனிச்சறுக்கும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் நட்டவருக்குப் பனிச்சறுக்கைப் புரியவைப்பது எளிது. டீக்கடையில் ஒருநாள் கைப்பேசியில் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடியது. பக்கத்தில் இருந்த மாமா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, இவனுங்க காலு பனியில பொதையாதா?"

வெறும் காலோடு நின்றால் புதையும். புதுப்பனி பஞ்சுபோல, முழங்கால் வரைகூட உள்ளே வாங்கும். நீளப் பலகை அதே எடையை அகலப் பரப்பில் பகிர்ந்துவிடுவதால் ஆள் மேலேயே நிற்கிறான். சேடை ஓட்டிய, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுத, வயலைச் சமன்படுத்தப் பரம்பு அடிக்கும்போது நடப்பதும் இதுதான். இறங்கி நடந்தால் கெண்டைக்கால் வரை சேறு. மாடு இழுக்கும் பரம்புப் பலகையில் ஏறி நின்றால் அதே ஆள் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். இப்போது டிராக்டர் வந்துவிட்டது, ஆனால் மாமா பரம்பில் நின்ற ஆள்.

"தண்ணி நின்னாத்தாம்ப்பா பரம்பு ஓடும். வடிஞ்சிட்டா மாடு திணறிடும்," என்றார்.

பனிச்சறுக்கிலும் அந்தத் தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது. உறைந்த பனியில் அது எங்கிருந்து வருகிறது?

எடை அழுத்துவதால் பனி உருகுகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க, காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் 120 மடங்குக்கு மேல் வேண்டும். பனிக்கட்டித் தளத்தில் சறுக்கும் ஸ்கேட் காலணி அணிந்து, 60 கிலோ ஆள் 4 சதுர சென்டிமீட்டர் எஃகின் மேல் நின்றால் கிடைப்பது ஏறக்குறைய 15 மடங்கு. அதனால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவுதான். அந்தத் தளமோ பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியில் இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே 1850-லேயே வேறு வழியில் யோசித்தார். இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே உருகுமுன்பே பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்றார். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ள அண்டை உண்டு. மேல்வரிசைக்கு மேலே யாரும் இல்லை. அதனால் அது இறுகாமல் தளர்ந்து நகர்கிறது.

மீதியைச் செய்வது உராய்வுச் சூடு. 1939-இல் பவுடன், ஹியூஸ் என்ற விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலைக்கணவாயில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கடுங்குளிரில் பித்தளை பனியின் மேல் சரியாக வழுக்கவில்லை; கெட்டி ரப்பரான எபோனைட் நன்றாக வழுக்கியது. பித்தளை அந்தச் சொற்பச் சூட்டையும் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. ரப்பர் அதைப் பனியிடமே விட்டுவைக்கிறது. இன்றைய சறுக்குப் பலகைகளின் அடிப்புறம் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், அதுவும் சூட்டை எளிதில் கடத்தாது.

குளிர் ஏற ஏற வழுக்கலும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை. எஃகு பனிக்கட்டியில் மிக எளிதாக வழுக்குவது மைனஸ் 7 டிகிரியை ஒட்டித்தான். அதைவிடச் சூடானால் பனிக்கட்டி இளகி எஃகு உள்ளே உழுகிறது. மிகவும் குளிர்ந்தால் மூலக்கூறுகள் இறுகிவிடும். துருவப் பயணிகள் கடுங்குளிரில் மணலில் இழுப்பதுபோல் சறுக்குவண்டியை இழுத்துத் தவித்தார்கள். தண்ணீர் வடிந்த வயலில் மாடு திணறுவதும் இந்தக் கதைதான்.

"சரிப்பா, வழுக்கிட்டே போறவன் எப்படி நிக்கிறான்?" என்றார் மாமா.

பலகையின் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. வீரர் பலகையைக் குறுக்கே திருப்பிச் சாய்க்கிறார். அகலப் பரப்பில் இருந்த எடை முழுவதும் மெல்லிய விளிம்பில் இறங்க, அது பனியை வெட்டுகிறது. எதிரே குவியும் பனி வேகத்தை வாங்கிவிடுகிறது. கொஞ்சமாகச் சாய்த்தால் நிற்காமல் வளைந்து திரும்பலாம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன காஷ்மீரின் ஆரிஃப் கான், ராட்சத ஸ்லாலம் பந்தயத்தில் 45-ஆம் இடம் பிடித்தார். நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து கடக்க வேண்டிய அந்தப் பந்தயத்தில், மேலிருந்து கீழ்வரை நடப்பது இந்த விளிம்பு வேலைதான்.