தோலோடு தின்னும் பட்டாணி

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சரக்கைச் சுத்தம் செய்வது நெடுங்காலத் தொழில். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஜெபாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் கிடங்குகளில் மிளகையும் சுக்கையும் புடைத்து, சலித்து, தரம் பிரித்தார்கள். இங்கு வாழ்ந்த யூதக் குடும்பங்களிலும் பெஸாக் பண்டிகைக்கு முன் அரிசியை மணிமணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்வது வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர். அந்தப் பொறுமை நம் சமையலறைக்கும் வேண்டும் என்பதற்கு ஒரு காயை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதுதான் ஸ்னோ பீஸ்.

பார்க்க அவரைக்காய் போலத் தட்டையாக இருக்கும் இது பட்டாணி வகைதான். சாதாரணப் பட்டாணித் தோலின் உட்புறம் காகிதம் போன்ற கடினமான படலம் ஒன்று இருக்கும். அதனால் தோலை எறிந்துவிட்டு விதையை மட்டும் உண்கிறோம். ஸ்னோ பீஸில் அந்தப் படலம் இல்லை. மெண்டல் 1866-ல் வெளியிட்ட ஆய்வின் ஏழு குணங்களில் காய் உப்பியிருக்கிறதா, விதைகளுக்கிடையே ஒட்டியிருக்கிறதா என்பதும் ஒன்று. படலம் இல்லாத காய்தான் ஒட்டிய காய்.

தோலோடு தின்பதால் சத்தும் கூடுதல். 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. உரித்த பட்டாணியில் சுமார் 40 தான். ஆனால் உரித்த பட்டாணியில் மேலே தெளித்த மருந்து பெரும்பாலும் தோலோடு குப்பைக்குப் போய்விடும். ஸ்னோ பீஸில் அது நேரே நம் தட்டுக்கு வரும். எனவே இந்தக் காயைப் பொறுத்தவரை சமைப்பதைவிடக் கழுவுவதே முக்கியமான வேலை.

வாங்கும்போது: காய் ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். விதை புடைத்துத் தெரிந்தால் முற்றியது என்று பொருள். வாங்கியதைக் கழுவாமல் துணிப்பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். நாளாக ஆக இனிப்பு குறையும். ஈரத்தோடு வைத்தால் அழுகும்.

கழுவும் முறை: முதலில் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவவும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி, அல்லது 20 மில்லி வினிகர் கலந்து, காய்களை 10 முதல் 15 நிமிடம் ஊறவிடவும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வீடுகளுக்குச் சொல்லும் எளிய முறை இதுவே. பின்னர் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போக்கவும். சோப்புத்தூள் கூடவே கூடாது. காய் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

நார் உரித்தல்: கழுவிய பிறகே காம்பைக் கிள்ள வேண்டும். முதலில் நறுக்கிவிட்டுக் கழுவினால் அழுக்கு நீர் உள்ளே போகும், வைட்டமின் சி வெளியே போகும். காம்பு முனையை ஒடித்து, அறுந்துவிடாமல், விதைகள் ஒட்டியிருக்கும் ஓரமாக இழுத்தால் நார் முழுநீளத்துக்கும் வரும். மறுமுனையை ஒடித்து எதிர் ஓரத்தையும் அப்படியே செய்யவும். அவரைக்காய் ஆய்ந்த கைகளுக்கு இது புதிதல்ல.

சமைத்தல்: கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, நல்ல தீயில் மூன்று நிமிடம் மூடாமல் வதக்கி, தேங்காய்த் துருவல் சேர்த்தால் பொரியல் தயார். மூடி வைத்தால் காயிலிருந்து வரும் அமில ஆவி உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் மங்கும். எலுமிச்சை பிழிவதானால் இறக்கிய பிறகு பிழியவும். நிறத்துக்காகச் சோடா உப்பு போட்டால் காய் குழைந்து, வைட்டமினும் கெடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுவினால் போவது மேற்பரப்பில் உள்ள மருந்தின் ஒரு பகுதிதான். செடி உறிஞ்சிக் காயின் சதைக்குள் சேர்ந்த மருந்தைப் புளித்தண்ணீர் எடுக்காது. மருந்து தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கை விவசாயி கடைப்பிடிப்பதே அதற்கு மருந்து.

தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று 2015-ல் கேரள அரசு பிரச்சினை எழுப்பியது நினைவிருக்கும். அதிலிருந்து, "இது உங்கள் ஊர்க் காயா?" என்று அண்டை வீட்டார் கேட்டால் நம்மில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்க வேண்டியதில்லை. வாளையாறு தாண்டி வந்தாலும் வைப்பினில் விளைந்தாலும் கழுவும் முறை ஒன்றுதான். கேட்டவருக்குப் புளித்தண்ணீர் முறையைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு கிண்ணம் பொரியலும் கொடுத்தனுப்புங்கள்.